தாளின் மூலையில் வந்த பேர்

ஜன்னல் ஓரம் நீயே உட்கார் கண்ணு. எனக்குக் காற்று பட்டால் காது குத்தும். இந்தப் பையைத்தான் கீழே வைக்க முடியாது, அதனால் உன்னை இடிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உள்ளே சாமிக்குக் கட்டுகிற சீட்டு இருக்கிறது. கால் படக் கூடாது.

நீ ஆரணிக்கா? என் வீடும் ஆரணிதான். ஆனால் நான் முன்னாலேயே கோயில் நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். பச்சையம்மன், எங்கள் குலதெய்வம். அங்கே சூலத்தில் சீட்டுக் கட்டுவார்கள், பார்த்திருக்கிறாயா? மனசில் உள்ளதை ஒரு தாளில் எழுதி, சுருட்டி, மஞ்சள் நூல் சுற்றிக் கட்டிவிட வேண்டும். அவள் படித்துக்கொள்வாள். கட்டினதை மறுபடி அவிழ்க்கக் கூடாது. வெயிலிலும் மழையிலும் அதுவாகக் கரைந்து போக வேண்டும். எல்லோரும் தாங்கள் எழுதினதைக் கட்டுவார்கள். நான் அவளே எழுதினதை அவளுக்குக் கட்டப் போகிறேன்.

அப்படிப் பார்க்காதே. எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. பதினாலு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அதுதான் முகம் இப்படி. அவன் சாப்பிடாமல் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அவன் என்றால் என் மகன், தணிகைவேல். மூத்தவள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். இவனுக்கு முப்பத்தாறு முடிகிறது. பெண் அமையவில்லை. அமையுமா என்று கவலைப்பட்டதெல்லாம் போன மாதம். இப்போது என் கவலை திங்கட்கிழமைதான். திங்கட்கிழமை காலையில் அவன் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாமல் இருந்தால் போதும். இன்றைக்கு வெள்ளி.

அவன் திருடவில்லை, அடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்து கொடுத்தான். எங்கள் ஊரில் ரத்தம் பரிசோதிக்கிற லேப் ஒன்று இருக்கிறது. யார் வந்தார்கள், ரத்தத்தில் என்ன வந்தது என்று அச்சடித்துக் கொடுக்கிறதே, அந்த புரோகிராம் இவன் எழுதினது. பாஸ்கல் என்கிற பாஷையில் எழுதுவான். அது கணக்குப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் பேராம். சாமி பக்தி உள்ளவராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பாஷை மேல் ஒரு மரியாதை. கூடப் படித்த பையன்களெல்லாம் வேறு பாஷைக்குத் தாவி பெங்களூர் போய்விட்டார்கள். இவன் அதிலேயே இருந்தான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான், அவங்க அப்பா மாதிரி.

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றுவோம். நான்தான் அகப்பையோடு நிற்பேன், இருபது வருஷமாக. இந்த வருஷம் எனக்குத் தோள்பட்டை வலி என்று இவனும் கூட நின்றான். வருகிறவர்கள் தூக்கு, குடம், சொம்பு என்று கொண்டு வருவார்கள். அப்போதுதான் சொன்னான், "எங்க வேலையும் இதேதாம்மா." எப்படிடா என்றேன். விண்டோஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதனிடம் ஒரு பேரைக் கேட்டால் அது சும்மா கையில் தராதாம். நாம்தான் பாத்திரம் கொண்டு போக வேண்டுமாம். இத்தனை எழுத்து பிடிக்கும் என்று வாயால் சொல்லவும் வேண்டுமாம். சொன்ன அளவுக்கு அது ஊற்றுமாம். எவ்வளவு ஊற்றினேன் என்று திருப்பிச் சொல்லுமாம்.

சொன்ன அளவு தப்பாக இருந்தால்? அது பாத்திரத்தை எட்டிப் பார்க்காதா என்று கேட்டேன்.

"பாக்காதும்மா. நாம சொன்னதத்தான் நம்பும்."

அகப்பை பிடிக்கிற கை எட்டிப் பார்க்காமல் ஊற்றுமா? கவர்மென்ட் ஆபீஸ்காரன் கூட அப்படிச் செய்ய மாட்டான் என்றேன். சிரித்தான். வழிந்தால் பக்கத்துப் பாத்திரத்தில் போய் விழுமாம், பக்கத்துப் பாத்திரம் பாலாக இருந்தாலும் சரி, மோராக இருந்தாலும் சரி. பழைய பாஸ்கலில் ஓர் எழுத்துக்கு ஓர் இடம். இரண்டு வருஷம் முன்னால் தமிழில் பேர் வர வேண்டும் என்று புதுசுக்கு மாறினான், அதில் ஓர் எழுத்துக்கு இரண்டு இடம். இதெல்லாம் எனக்கு எதற்கு? ஆனால் அவன் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும். அவன் அதற்கப்புறம் என்னிடம் அவ்வளவு நேரம் பேசவில்லை, பார்.

ஆயுத பூஜை வந்தது. நான் மாதா மாதம் சர்க்கரை பார்க்க அந்த லேப்புக்குப் போகிறவள். அன்றைக்குப் பொரி, சுண்டல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். என் மகன் செய்த வேலை ஓடுகிற மெஷின், அதற்குப் பொட்டு வைக்காமல் இருப்பேனா? சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். பூசணிக்காய் உடைக்கலாம் என்றேன், வாசல் அழுக்காகும் என்று லேப் நடத்துகிற டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அதுதான், கண்ணு, அதுதான் திருஷ்டி பிடித்துக்கொண்டது. நான் அன்றைக்கே சொன்னேன்.

அங்கே ஷகிலா என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். தங்கமான பெண். புது வீட்டில், புது லாரியில், கணக்கு நோட்டில் எல்லாம் முதலில் சாமி பேர் எழுதுகிறோம், என் பிள்ளை வேலை இருக்கிற இடத்தில் எங்கே எழுதுவது என்று அவளைக் கேட்டேன். அவள் கம்ப்யூட்டர் திரையைக் காட்டி, உங்க மகனோட புரோகிராம் எல்லாம் ஃபோல்டர்னு இந்த மஞ்சள் டப்பாவுக்குள்ளதான் இருக்குது ஆன்ட்டி, இதுக்குப் பேரு வெறும் லேப்னு இருக்குது என்றாள். மூன்றே எழுத்து. எனக்கு மனசு கேட்கவில்லை. குலதெய்வம் ஸ்ரீ மன்னாதீஸ்வரர் உடனுறை பச்சையம்மன் துணை என்று போட முடியுமா என்றேன். முழுசாக. அம்மனை மட்டும் கூப்பிட்டு அவரை விட்டால் கோபித்துக்கொள்வார். அவள் பாய் வீட்டுப் பெண், இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்லத் தமிழில் தட்டினாள். அதற்கப்புறம் திரையில் வெளியே இருந்த சின்னப் பொம்மையை அழுத்தினால் புரோகிராம் திறக்கவில்லை. புதுசாக ஒரு பொம்மை செய்து வைத்தாள், திறந்துகொண்டது. ஆன்ட்டி, இனிமே உங்க சாமி உள்ள உக்காந்து பாத்துக்கும் என்று சிரித்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். வேலையை விட்டுத் திருப்பத்தூர் போய்விட்டாள்.

தணிகையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் செய்வான். அவனுக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு துணை இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அப்படிப்பட்ட காவல் வைத்தும் நடந்துவிட்டது, பார்.

டெங்கு காலம். பட்டு நெசவு செய்கிற ஒருத்தர், பிளஸ் டூ படிக்கிற பெண்ணைக் கூட்டி வந்து ரத்தம் கொடுத்தார். கோகிலவாணி என்று பேர். தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார், மழையில் கூழாகிவிட்டது. திரும்பி வந்து இன்னொரு தாள் கேட்டார். அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தத் தட்டணு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் இருக்கிறது, பயமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கண்ணு, அந்தக் குழந்தைக்கு இருந்தது இருபத்திரண்டாயிரம். தாளில் வந்தது வேறு யாருடையதோ. மேலே கோகிலவாணி பேர், கீழே இன்னொருத்தர் ரத்தம். இரண்டாம் நாள் மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அப்புறம் தேடிப் பார்த்தால் இன்னும் மூன்று பேருக்கு அப்படி ஆகியிருந்தது. நாலு பேருமே இரண்டாவது தாள் கேட்டவர்கள். முதல் தாள் எல்லாம் சரியாக இருந்தது.

டாக்டர் கம்ப்யூட்டர் இருக்கிற அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். இவனைத் தொடவே விடவில்லை. சாட்சியைக் கலைத்துவிடுவானாம். அந்தத் தாளில் எண்கள் இருக்கிற பகுதியை மட்டும் போனில் படம் பிடித்து இவனுக்கு அனுப்பினார். எப்படி நடந்தது என்று திங்கட்கிழமைக்குள் எழுத்தில் கொடு, கொடுக்காவிட்டால் நீ வேண்டுமென்றே செய்ததாக நான் எழுதிக் கொடுப்பேன் என்றார். ஆறு மாதம் முன்னால் இரண்டு பேருக்கும் ஏதோ வாய்ச்சண்டை, அது வேறு இதில் சேர்ந்துகொண்டது.

இவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அதே புரோகிராம். அதே பேர் கொடுக்கிறான், அதே மாதிரி இரண்டாவது தாள் கேட்கிறான். சரியாகத்தான் வருகிறது. மறுபடி. சரியாக வருகிறது. நூறு தடவை, இருநூறு தடவை. கோகிலவாணி, கோகிலவாணி என்று தாள் தாளாக எங்கள் வீட்டுக் கூடமெல்லாம் கிடக்கிறது. தப்பு வந்தால் சந்தோஷப்படுவான், வரமாட்டேன் என்கிறது.

"இங்க வரலம்மா. இங்க வரவே மாட்டேங்குது." இதுதான் அவன் சொன்ன கடைசி வார்த்தை. அதற்கப்புறம் ஒன்பது நாளாக என்னோடு பேச்சில்லை.

டாக்டரைக் கேட்டான், புதுசாக வந்த பையனைக் கேட்டான், எதையாவது மாற்றினீர்களா என்று. ஒன்றும் மாற்றவில்லை என்றுவிட்டார்கள். போளூரிலும் செய்யாற்றிலும் இதே புரோகிராம் இரண்டு லேப்பில் ஓடுகிறது. அவர்களுக்குப் போன் செய்து, காரணம் தெரிகிற வரைக்கும் கையால் எழுதுங்கள் என்று நிறுத்திவிட்டான். அவர்களும் திட்டினார்கள். எல்லோரையும் கேட்டான். என்னை மட்டும் கேட்கவில்லை. எட்டாவது படித்தவள், என்னைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

அவன் அறைக் கதவின் தாழ்ப்பாளை நான் கழற்றிவிட்டேன் கண்ணு. காய் நறுக்குகிற கத்தி முனையால் திருகி எடுத்தேன். அவன் பார்த்தான், ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். முருங்கைக்கீரைப் பொரியல் வைத்தால் தட்டோடு ஆறிக் கிடக்கிறது. முகம் மழிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சஷ்டி சொல்கிறேன். முன்னெல்லாம் நான் தப்பாகச் சொன்னால் திருத்துவான். இப்போது வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். திரும்பவில்லை.

வீட்டில் இருந்து என்ன செய்வேன்? அந்தப் பெண் பிழைத்தால் இவன் பிழைப்பான் என்று தோன்றியது. கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு தினமும் வேலூருக்கு வந்தேன். தீவிரப் பிரிவு வாசலில் ஒரு நீள பெஞ்சு. அங்கே அவள் அம்மா இருந்தாள், அஞ்சலாட்சி. நகர்ந்து இடம் கொடுத்தாள். தூக்கில் கொண்டு வந்த கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றினாள். "யாருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

என் பிள்ளை என்றேன். என்ன என்று கேட்டாள். உடம்பு சரியில்லை, பேச மாட்டேன் என்கிறான் என்றேன். பொய்யா அது? நீயே சொல்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகளுக்கு நானும், என் மகனுக்கு அவளுமாக வேண்டிக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், என் மகன்தான் அந்தத் தாளை எழுதினவன் என்று சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவள் கஞ்சியை ஊற்றுவாள். நான் குடிப்பேன். திரும்பி வருவேன். அப்படி ஒரு வாய் எனக்கு. சாமி அதற்கும் கணக்கு வைத்திருப்பாள்.

இன்றைக்குக் காலையில் அந்தக் குழந்தையைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டதாம். அஞ்சலாட்சி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அந்தத் தாள். நான்கு மடிப்பாக, மஞ்சள் தடவி வைத்திருந்தாள். "இது ராசியான தாளுக்கா. இதுல அம்மா வந்து உக்காந்திருக்கா, அதான் எம் பொண்ணு பொழைச்சா. இனிமே உங்க புள்ளைக்கு வச்சுக்கோங்க" என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். இரு, காட்டுகிறேன். கை சுத்தமாக இருக்கிறதா? இந்தா, மூலையைப் பார். அனுப்பின டாக்டர் பேர் என்று போட்டிருக்கிறதா? அங்கே எந்த டாக்டர் பேர் இருக்கிறது, படி.

பச்சையம்மன் துணை.

யாரும் அதை அங்கே எழுதவில்லை கண்ணு. கூழ் ஊற்றுகிற கை எனக்கு, அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஸ்ரீ இல்லை, மன்னாதீஸ்வரர் இல்லை, அவள் பேர் மட்டும் தனியாக வந்திருக்கிறது. அவரை விட்டுவிட்டு அவள் மட்டும் இறங்கி வந்திருக்கிறாள். பக்கத்தில் சாய்வாக ஒரு கோடும் மூன்று இங்கிலீஷ் எழுத்தும் இருக்கிறதே, அது என்னமோ.

இதைத்தான் கட்டப் போகிறேன். நீ எழுதினது, நீயே படி, என் பிள்ளையைக் காப்பாற்று என்று. கட்டிவிட்டால் அவள் பொறுப்பு.

என்ன கேட்கிறாய்? ஆமாம், அந்த டப்பாவுக்கு நான் வைத்த பேரும் இதேதான். முன்னால் வெறும் லேப். ஆமாம், என் மகன் கம்ப்யூட்டரில் இப்போதும் அப்படித்தான் சின்னதாக ஏதோ பேர் இருக்கும், எனக்குத் தெரியாது. ஏன் இத்தனை தடவை கேட்கிறாய்? படம் எடுக்க வேண்டுமா? எடுத்துக்கொள். உன் வீட்டிலும் அவள் இருக்கட்டும். நன்றாக மூலை தெரிகிற மாதிரி எடு. அவனுக்கும் அனுப்புகிறாயா? அவன் இதையெல்லாம் நம்ப மாட்டான் கண்ணு. டாக்டரிடமிருந்து வந்தால்தான் எடுத்துப் பார்ப்பான். சரி, அனுப்பு. அம்மா கூட வருகிற பெண் என்று போட்டு அனுப்பு. அவன் நம்பர் இந்தத் துண்டுக் காகிதத்தில் இருக்கிறது. நான் சொன்னதெல்லாம் அந்த மெசேஜிலேயே எழுதிவிடு, டப்பாவுக்குப் பேர் வைத்தது எல்லாம். எவ்வளவு வேகமாகத் தட்டுகிறாய்.

அதோ சமுத்திரம் தெரிகிறது பார், சமுத்திரம் என்றால் கடல் இல்லை, எங்கள் பக்கத்தில் ஏரியை அப்படித்தான் சொல்வோம். அதைத் தாண்டினால் கோயில் வளைவு. நான் நூலை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இரு, என் போன் அடிக்கிறது. வீட்டு நம்பர் இல்லை. அவனுடையது. கண்ணு, அவனுடையது.

சொல்லுப்பா. அம்மாதான். பஸ்ல. ஆமா, எங்கிட்டதான் இருக்குது. கட்டலடா, இன்னும் கோயில் வரல. யாரா? நான்தான். ஆயுத பூஜைக்கு. ஷகிலாகிட்டச் சொல்லி நான்தான் வெச்சேன். முழுசாத்தான் வெச்சேன்.

தணிகை? டேய், இருக்கியா?

சரி. சரிப்பா. கட்டல. பத்திரமா எடுத்துட்டு வர்றேன்.

பேசினான் கண்ணு. ஒன்பது நாளுக்கப்புறம் அம்மா என்று கூப்பிட்டான். முதலில் அழுகிறானா சிரிக்கிறானா என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேரை யார் வைத்தது என்று கேட்டான். நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு சொன்னான், "தப்பு என்னுதுதாம்மா. நாப்பது எழுத்து புடிக்கற பாத்திரம். எம்பதுன்னு சொல்லிட்டேன். எழுத்த எண்ணறதுக்குப் பதிலா எடத்த எண்ணிச் சொல்லிட்டேன்." ரெண்டு வருஷமாகவே தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தானாம், ஊற்றுவதற்கு அவ்வளவு கூழ் இல்லாததால் வழியவில்லையாம். இப்போது வழிந்து, பக்கத்தில் இருந்த டாக்டர் பேர் மேலும் யார் ரத்தம் என்கிற நம்பர் மேலும் விழுந்துவிட்டதாம். இரண்டாவது தாள் கேட்கும்போதுதான் விண்டோஸிடம் அந்த டப்பாவின் பேரைக் கேட்குமாம். காரணம் கிடைத்துவிட்டது, எழுதிக் கொடுத்துவிடுவேன், மூன்று ஊரிலும் இன்றைக்கே சரி செய்துவிடுவேன் என்றான். தப்பை யார் மேலும் போட மாட்டேன், நான் அளவு தப்பாகச் சொன்னேன் என்று மட்டும் எழுதுவேன் என்றான். பாவம், எல்லாவற்றையும் தன் மேலேயே போட்டுக்கொள்வான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

அஞ்சலாட்சி பற்றியும் சொன்னேன். நாளைக்கு ரெண்டு பேரும் போவோம்மா, நான் பேசறேன் என்றான்.

கடைசியாக, "நீ சாப்டியாம்மா?" என்று கேட்டான்.

இந்த வளைவுதான். இல்லைங்க கண்டக்டர், நான் இறங்கவில்லை, ஆரணிக்கே சீட்டுப் போடுங்கள். வழியில் நின்று கும்பிட்டுக்கொள்கிறேன், அவள் கோபிக்க மாட்டாள். வீட்டில் அரிசி களைந்து வைக்கவில்லை, அவனுக்குப் பசிக்கும்.

நீ ஏன் கண்ணைத் துடைக்கிறாய்? அழாதே. எல்லாம் அவள் செயல். நினைத்துப் பார் கண்ணு, அன்றைக்கு நான் மட்டும் அந்தப் பேரை வைக்காமல் விட்டிருந்தால் என் பிள்ளை கதி என்ன ஆகியிருக்கும்?